என்விஎம்இ போட்டும் லைட்ரூம் ஸ்லோ, டிஸ்க் ஸ்பீடை சரியா அளக்குறது எப்படி?

கும்பகோணம்_ஸ்டூடியோ:

எல்லாருக்கும் வணக்கம். கல்யாண போட்டோ எடுக்குற சின்ன ஸ்டூடியோ வெச்சிருக்கேன், ஆவணி முகூர்த்தம் ஆரம்பிக்கிறதுக்குள்ள எடிட்டிங் சிஸ்டத்தை ஒரு வழிக்கு கொண்டு வரணும், அதான் இங்க கேக்குறேன்.

சிஸ்டம் பத்தாவது ஜெனரேஷன் ஐ5, 16 ஜிபி ரேம், சி டிரைவ் 500 ஜிபி என்விஎம்இ (மதர்போர்டுல நேரா மாட்டுற வேகமான எஸ்எஸ்டி). போட்டோ, லைட்ரூம் கேட்டலாக் (போட்டோ எடிட்டிங் சாஃப்ட்வேரோட பட்டியல் ஃபைல்) எல்லாமே 4 டிபி ஹார்ட் டிஸ்க்ல, 3.5 இன்ச் 7200 ஆர்பிஎம், இப்போ ஒரு 300 ஜிபிதான் காலி இருக்கு. பேக்கப்புக்குன்னு புதுசா 1 டிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்னு வாங்கி மாட்டியிருக்கேன், கடையில இருந்ததுலயே விலை கம்மியானது.

இப்போ பிரச்சனை என்னன்னா, லைட்ரூம் கிளாசிக்ல ஒரு கல்யாண ஃபோல்டரை திறந்தா 3000 போட்டோ இருக்கும், ஸ்க்ரோல் பண்ணா கட்டம் கட்டமா சாம்பல் கலர்லயே நிக்குது, ஒவ்வொன்னா மெதுவா வருது. அந்த நேரம் டாஸ்க் மேனேஜரை பாத்தா ஹார்ட் டிஸ்க் 100%னு காட்டுது, ஆனா ஸ்பீடு செகண்டுக்கு 2 எம்பி 3 எம்பிதான். கிரிஸ்டல்டிஸ்க்மார்க்னு டிஸ்க் ஸ்பீடு டெஸ்ட் ஓட்டினா அதே டிஸ்க் 185 எம்பி தருது, என்விஎம்இ 3400 தருது. 100% வேலை பாக்குதுன்னா 185 வரணும்ல, எது பொய் சொல்லுது?

ரெண்டாவது, என்விஎம்இல இருந்து அந்த புது எஸ்எஸ்டிக்கு ஒரு கல்யாணத்தை காப்பி பண்ணா ஆரம்பத்துல 450 எம்பி போகுது, ஒரு 40 ஜிபி தாண்டினதும் 70க்கு இறங்கி அங்கேயே நிக்குது. டிரைவ் டிஃபெக்டா? மூணாவது, 64 ஜிபி கார்டை காப்பி பண்ண அரை மணி நேரம் ஆகுது.

இன்னொரு 4 டிபி வாங்கி ரெய்டு 0 (ரெண்டு டிஸ்க்கை சேத்து ஒன்னா யூஸ் பண்றது) போட்டா எல்லாம் சரியாயிடும்னு ஒருத்தர் சொன்னார். செலவு பண்ணலாமா?

நெல்லை_சிஸ்அட்மின்:

சார் எதையும் வாங்காதீங்க, முதல்ல இதை படிங்க. ரெண்டு நம்பரும் உண்மைதான், ரெண்டும் வேற வேற கேள்விக்கு பதில்.

185ங்கிறது தொடர்ச்சியா ஒரே பெரிய ஃபைலை வரிசையா படிக்கிற ஸ்பீடு. கிரிஸ்டல்டிஸ்க்மார்க்ல மேல இருக்குற சீக்வென்ஷியல் வரி அதுதான், டப்பா மேல பெருசா அச்சடிக்கிற நம்பரும் அதுதான். உங்க லைட்ரூம் கேக்குறது வேற மாதிரி. கேட்டலாக்ங்கிறது ஒரு எஸ்க்யூலைட் டேட்டாபேஸ் ஃபைல், அது பக்கத்துலயே ப்ரீவ்யூஸ்னு ஒரு ஃபோல்டர் இருக்கும், அதுக்குள்ள ஆயிரக்கணக்குல குட்டி குட்டி ஃபைல். நீங்க ஸ்க்ரோல் பண்ணும்போது டிஸ்க்கோட பல மூலைகள்ல இருந்து கொஞ்சம் கொஞ்சமா எடுத்துட்டு வரணும்.

இப்போ கணக்கு பாருங்க. 7200 ஆர்பிஎம்னா செகண்டுக்கு 120 சுத்து, ஒரு சுத்துக்கு 8.33 மில்லிசெகண்ட். வேணுங்கிற இடம் ஹெட்டுக்கு (டேட்டாவை படிக்கிற முனை) கீழ வர சராசரியா அரை சுத்து காத்திருக்கணும், அது 4.17. அதுக்கு முன்னாடி ஹெட் அந்த ட்ராக்குக்கு (தட்டுல இருக்குற வட்டக் கோடு) நகரணும், அதுக்கு ஒரு 8, 9 மில்லிசெகண்ட். ஆக ஒரு சின்ன துண்டை எடுக்க 12, 13 மில்லிசெகண்ட், அப்போ செகண்டுக்கு சுமார் 80 துண்டு. ஒவ்வொன்னும் 4 கேபின்னா 80 பெருக்கல் 4, செகண்டுக்கு 320 கேபி. அரை எம்பி கூட இல்ல! உங்களுக்கு 2, 3 எம்பி வருதுன்னா துண்டு கொஞ்சம் பெருசா இருக்குன்னு அர்த்தம். டிஸ்க் நிஜமாவே 100% வேலை பாக்குது, அந்த நேரம் முழுக்க ஹெட்டை நகர்த்தி சுத்து வர்றதுக்கு காத்துட்டு இருக்கு.

அதனால கிரிஸ்டல்டிஸ்க்மார்க்ல கடைசி வரி பாருங்க, ஆர்என்டி4கே க்யூ1டி1ன்னு போட்டிருக்கும், ஒரு நேரத்துல ஒரே ஒரு 4 கேபி கேட்டு அது வந்த பிறகுதான் அடுத்ததை கேக்கும். ஆஃபீஸ் வேலை, எடிட்டிங்னு நாம தினமும் பண்றது பெரும்பாலும் இந்த வரிக்கு பக்கத்துலதான் வரும். ஹார்ட் டிஸ்க்ல அது 0.5, 0.6 எம்பி இருக்கும். அதுவே கொஞ்சம் தாராளமான நம்பர், ஏன்னா டெஸ்ட் 1 ஜிபி ஃபைலுக்குள்ளேயே நடக்குது, ஹெட் ரொம்ப தூரம் போக வேண்டியதில்ல. உங்க என்விஎம்இல அதே வரி 40, 50 எம்பி வரணும், அதாவது ஒரு துண்டுக்கு 0.1 மில்லிசெகண்டுக்கும் கீழ. 3400க்கும் 185க்கும் வித்தியாசம் பதினெட்டு மடங்குதான், இந்த வரியில வித்தியாசம் எழுபதுல இருந்து நூறு மடங்கு.

அதனால லைட்ரூமை மூடிட்டு கேட்டலாக் ஃபைலையும் ப்ரீவ்யூஸ் ஃபோல்டரையும் சேத்தே (ஒன்னை விட்டு ஒன்னை இல்ல) சி டிரைவுக்கு கொண்டு வாங்க, அங்க இருந்து திறங்க. ஒரிஜினல் ரா ஃபைல் (கேமரா அப்படியே பதிஞ்சது) எல்லாம் ஹார்ட் டிஸ்க்லயே இருக்கட்டும். ஒரு ரா 30 எம்பின்னா, அதை கண்டுபிடிக்க 13 மில்லிசெகண்ட், படிக்க 0.17 செகண்ட், மொத்தம் 0.2 செகண்டுக்குள்ள முடிஞ்சிடும். ஹார்ட் டிஸ்க்குக்கு பெரிய ஃபைல் கஷ்டமே இல்ல. 200 குட்டி ஃபைலை தேடி எடுக்கத்தான் 2.5 செகண்ட் ஆகும்.

ரெய்டு 0 பத்தி: ரெண்டு டிஸ்க்ல பிரிச்சு போட்டா வரிசையா படிக்கிறது கிட்டத்தட்ட ரெட்டிப்பாகும், ஒரு துண்டுக்கு ஆகுற 13 மில்லிசெகண்ட் 13ஆவேதான் இருக்கும். உங்க பிரச்சனை அந்த 13தான். அதோட ரெண்டுல எது போனாலும் மொத்த டேட்டாவும் போச்சு. ஊர் கல்யாணம் எல்லாம் அதுல இருக்கு சார், தயவுசெஞ்சு பண்ணாதீங்க.

ஸ்பீடு_மாஸ்டர்_திருச்சி:

வாரா வாரம் எல்லா டிரைவையும் டீஃப்ராக் (சிதறின ஃபைல் துண்டுகளை சேத்து வெக்கிறது) பண்ணுங்க ப்ரோ எஸ்எஸ்டி உட்பட, பேஜ்ஃபைல் (ரேம் பத்தாதப்போ விண்டோஸ் யூஸ் பண்ற டிஸ்க் இடம்) ஆஃப் பண்ணுங்க, ஒரு ரெஜிஸ்ட்ரி கிளீனர் போடுங்க, டிஸ்க் ப்ராப்பர்ட்டீஸ்ல ரைட் கேஷ் பஃபர் ஃப்ளஷிங்கை ஆஃப் பண்ற டிக் ஒன்னு இருக்கும் அதையும் போட்டுடுங்க, சிஸ்டம் பறக்கும்

டிஸ்க்_டாக்டர்_கோவை:

மேல சொன்ன கடைசி டிக்கை மட்டும் போட்டுடாதீங்க கும்பகோணம் சார். நான் டேட்டா ரெகவரி வேலை பாக்குறவ, அந்த டிக்கால போன ஃபைல் சிஸ்டங்களை நிறைய பாத்திருக்கேன். அதை போட்டா விண்டோஸ் "இப்போ நிஜமாவே பிளேட்டர்ல (டிஸ்க்கோட தட்டுல) எழுது"ன்னு டிஸ்க்குக்கு சொல்ற உத்தரவையே விட்டுடும். டெஸ்ட்ல ரைட் நம்பர் ஏறும், எழுதினதா சொன்ன டேட்டா டிஸ்க்கோட ரேம்லயே நிக்கும், அந்த நேரம் கரண்ட் போச்சுன்னா அவ்வளவுதான், கேட்டலாக் கரப்ட். அதுக்கு மேல இருக்குற சாதாரண ரைட் கேஷிங் டிக் ஆன்ல இருக்கட்டும், அது உள்ள இருக்குற டிஸ்க்குக்கு எப்பவும் ஆன்லதான் வரும். யுபிஎஸ் இல்லன்னா முதல் செலவு அதுக்கு பண்ணுங்க.

எஸ்எஸ்டிக்கு டீஃப்ராக் வேண்டாம், அங்க நகர்றதுக்கு ஹெட்டே இல்ல, வீணா எழுதி எழுதி ஆயுசுதான் குறையும். விண்டோஸ்ல வர்ற ஆப்டிமைஸ் டிரைவ்ஸை அப்படியே விட்டுடுங்க, எது எஸ்எஸ்டின்னு அதுக்கு தெரியும், அதுக்கு ட்ரிம் (அழிச்ச இடம் எதுன்னு சொல்ற உத்தரவு) அனுப்பும், ஹார்ட் டிஸ்க்கை மட்டும் டீஃப்ராக் பண்ணும். 16 ஜிபி ரேம்ல லைட்ரூம் ஓட்டிட்டு பேஜ்ஃபைலை ஆஃப் பண்ணா ஸ்பீடு வராது, நடுவுல ப்ரோக்ராம் மூடிக்கும். ரெஜிஸ்ட்ரி கிளீனர் டிஸ்க் ஸ்பீடை ஒன்னும் பண்ணாது.

எனக்கு இதுல முக்கியமா படுறது வேற. ஸ்பீடு டெஸ்ட்டுக்கு முன்னாடி அந்த 4 டிபி ஆரோக்கியமா இருக்கான்னு பாக்கணும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போட்டு ஸ்மார்ட் (டிஸ்க் தன்னோட ஆரோக்கியத்தை தானே எழுதி வெக்கிற) விவரத்துல நாலு வரி பாருங்க: 05 ரீஅலொகேட்டட் செக்டார், சி5 கரண்ட் பெண்டிங், சி6 அன்கரெக்டபிள், சி7 சிஆர்சி எரர். முதல் மூணும் ஜீரோவா இருக்கணும். சி5ல ஏதாவது இருந்தா டிஸ்க் அந்த செக்டாரை திரும்ப திரும்ப படிக்க முயற்சி பண்ணிட்டு இருக்கும், ஒரு செக்டாருக்கே பல செகண்ட் போகும், நீங்க ஸ்லோன்னு நினைப்பீங்க, அது சாகுற அறிகுறி. அப்படி இருந்தா பெஞ்ச்மார்க் ஒன்னும் ஓட்டாதீங்க, அந்த டிஸ்க்கை இன்னும் கஷ்டப்படுத்தாம முக்கியமானதை முதல்ல காப்பி எடுங்க. சி7 மட்டும் ஏறிட்டே போகுதுன்னா பெரும்பாலும் சாட்டா கேபிள்தான், கேபிளை மாத்தி அந்த நம்பர் ஏறுறது நிக்குதான்னு பாருங்க (பழைய எண்ணிக்கை ஜீரோ ஆகாது, அதுக்கு பயப்பட வேண்டாம்).

இன்னொன்னு, 4 டிபில 300 ஜிபிதான் காலின்னு சொல்றீங்க. பிளேட்டரோட வெளி ட்ராக்ல ஒரு சுத்துக்கு நிறைய டேட்டா அடங்கும், உள் ட்ராக்ல கம்மி, ஆனா சுத்துற வேகம் ஒன்னுதான். அதனால காலி டிஸ்க்ல 185 வர்றது கடைசி பகுதியில கிட்டத்தட்ட பாதியா இறங்கும். டிஸ்க் நிரம்ப நிரம்ப புது ஃபைல் எல்லாம் பெரும்பாலும் அந்த மெதுவான பக்கம் போய் உக்காரும், காலி இடம் துண்டு துண்டா இருக்குறதால உடைஞ்சும் போகும். டெலிவரி முடிஞ்ச பழைய கல்யாணங்களை வேற டிஸ்க்குக்கு மாத்தி கால்வாசியாவது காலி பண்ணி, அப்புறம் ஒரே ஒரு தடவை ஹார்ட் டிஸ்க்கை மட்டும் டீஃப்ராக் பண்ணா போதும். மாடல் நம்பரை வெச்சு அது எஸ்எம்ஆரா சிஎம்ஆரான்னும் தேடி பாருங்க. எஸ்எம்ஆர்னா ட்ராக் ஒன்னு மேல ஒன்னு ஓட்டு வீட்டு ஓடு மாதிரி ஏறி உக்காந்திருக்கும், நடுவுல ஒன்னை மாத்தணும்னா பக்கத்துல உள்ளதையும் சேத்து திரும்ப எழுதணும், நிறைய எழுதினா திடீர்னு படுத்துடும். பேக்கப்புக்கு ஓகே, தினசரி எடிட்டிங்குக்கு சரிப்படாது, அதுக்கு ட்ராக் தனித்தனியா இருக்குற சிஎம்ஆர்தான்.

ரூட்_சென்னை:

கோவை அக்கா சொன்னது அத்தனையும் சரி. நான் அளக்குற விஷயத்தை மட்டும் சேக்குறேன், ஏன்னா இதுலதான் நிறைய பேர் தப்பான நம்பரை வெச்சு சண்டை போடுறாங்க.

ஒரே ஃபைலை ரெண்டாவது தடவை காப்பி பண்ணி பாத்து "அடேங்கப்பா என்ன வேகம்"னு சொல்றது டிஸ்க்கை அளக்குறது இல்ல, ரேமை அளக்குறது. ஒரு தடவை படிச்சதை ஓஎஸ் ரேம்லயே வெச்சுக்கும். லினக்ஸ்ல டிடின்னு ஒரு கமாண்ட் போட்டு ஜீரோவா எழுதி செகண்டுக்கு 2 ஜிபின்னு காட்டுறதும் அதேதான், பேஜ் கேஷ்ல போட்டுட்டு முடிஞ்சதுன்னு சொல்லிடும், டைரக்ட் ஃப்ளாக் (கேஷை தாண்டி நேரா எழுதுறது) இல்லன்னா கடைசியில எஃப்டேட்டாசிங்க் (டிஸ்க்ல எழுதி முடின்னு சொல்றது) குடுத்தாதான் உண்மை வரும். ஹெச்டிபார்ம் கமாண்ட்ல பெரிய டி போட்டா வர்றது ரேம் கேஷோட ஸ்பீடு, சின்ன டிதான் டிஸ்க். ஒழுங்கா அளக்கணும்னா ஃபியோங்கிற டெஸ்ட் ப்ரோக்ராம், விண்டோஸ்லயும் ஓடும்: ரேண்டம் ரீட், ப்ளாக் சைஸ் 4கே, ஐஓ டெப்த் 1, டைரக்ட் 1, ஃபைல் சைஸ் ரேமை விட பெருசா, 60 செகண்ட் ஓட விடுங்க. ரிசல்ட்ல சராசரியை மட்டும் பாக்காதீங்க, 99வது பர்சன்டைல் லேட்டன்சின்னு (காத்திருக்குற நேரம்) ஒரு வரி வரும், அதை பாருங்க. சராசரி 1 மில்லிசெகண்ட் இருந்து நூத்துல ஒரு தடவை 400 மில்லிசெகண்ட் ஆச்சுன்னா கைக்கு தெரியுறது அந்த ஒரு தடவைதான்.

ஆனா ஸ்டூடியோ சாருக்கு இவ்வளவு கூட வேண்டாம். நீங்க வேலை பாக்கும்போதே ரிசோர்ஸ் மானிட்டர் திறந்து டிஸ்க் டேப் போங்க, எந்த ஃபைலை யார் படிக்கிறாங்க, ரெஸ்பான்ஸ் டைம் எத்தனை மில்லிசெகண்ட்னு வரிசையா வரும். கீழ ஸ்டோரேஜ்ல க்யூ லெங்த் (வரிசையில காத்திருக்குற ரிக்வெஸ்ட்) இருக்கும். ஹார்ட் டிஸ்க்ல ரெஸ்பான்ஸ் 15, 20 இருந்தா அதுக்கு அது இயல்பு, 200 தாண்டி க்யூவும் நீளமா நிக்குதுன்னா ஒரே நேரத்துல பல பேர் அடிச்சுக்குறாங்க, அது லைட்ரூமா, ஆன்டிவைரஸா, சர்ச் இன்டெக்ஸரான்னு அங்கேயே தெரியும். லினக்ஸ்ல இதுக்கு ஐஓஸ்டாட் மைனஸ் எக்ஸ் கமாண்ட், அதுல அவெயிட்ங்கிற பத்தி (காத்திருக்குற நேரம்). அதுலயே யூட்டில் (டிஸ்க் பிஸியா இருக்குற நேரம்) 100%ங்கிறதை ஹார்ட் டிஸ்க்குக்கு நம்பலாம், என்விஎம்இ ஒரே நேரத்துல பல ரிக்வெஸ்ட் எடுக்கும்ங்கிறதால அதுக்கு 100% காட்டினாலும் இன்னும் இடம் இருக்கலாம்.

அந்த 70 எம்பி எஸ்எஸ்டி டிஃபெக்ட் இல்ல சார். விலை கம்மியான டிரைவ்ல ஒரு செல்லுக்கு நாலு பிட் வெக்கிற க்யூஎல்சி ஃப்ளாஷ் இருக்கும், அதுல எழுதுறது இயல்பாவே மெதுவு. அதை மறைக்க கொஞ்சம் இடத்தை செல்லுக்கு ஒரு பிட்டா எஸ்எல்சி கேஷ் மாதிரி யூஸ் பண்ணுவாங்க. உங்க 40 ஜிபி வரைக்கும் 450 வந்தது அந்த கேஷ், அது நிரம்பினதும் வந்த 70தான் நிஜ ஸ்பீடு. டிரைவ் நிரம்ப நிரம்ப அந்த கேஷும் பெரும்பாலும் சுருங்கும். 1 ஜிபி டெஸ்ட் போடுற எந்த பெஞ்ச்மார்க்கும் இதை காட்டாது, 100 ஜிபிக்கு மேல நிஜ ஃபோல்டரை காப்பி பண்ணி கிராஃபை பாத்தாதான் தெரியும். ராத்திரி பேக்கப்புக்கு அது போதும், வெச்சுக்கோங்க. ட்ரிம் ஓடுதான்னு மட்டும் பாருங்க: அட்மின் கமாண்ட் ப்ராம்ப்ட்ல எஃப்எஸ்யுட்டில் வெச்சு டிஸேபிள்டெலீட்நோட்டிஃபை என்னன்னு கேட்டா 0ன்னு வரணும், 0ன்னா ட்ரிம் ஆன்.

கார்டு விஷயம்: 64 ஜிபி அரை மணி நேரம்னா செகண்டுக்கு 35 எம்பி, அது அச்சு அசலா யுஎஸ்பி 2.0 ஸ்பீடு. ரீடரை கேபினட் முன்னாடி இருக்குற போர்ட்ல மாட்டுறீங்களா? பின்னாடி நீல கலர் போர்ட்ல (யுஎஸ்பி 3.0) மாட்டி பாருங்க. யுஎச்எஸ்-1 கார்டோட பஸ் வேகமே அதிகபட்சம் 104 எம்பிதான், 90 வந்தா 12 நிமிஷத்துல முடியும். இதுல டிஸ்க்குக்கு சம்பந்தமே இல்ல, எத்தனை ஆயிரம் எம்பி என்விஎம்இ போட்டாலும் மாறாது.

நெல்லை_சிஸ்அட்மின்:

ஒன்னு சொல்ல தோணுது, ஹார்ட் டிஸ்க் ஏன் இப்படின்னு. 1956ல ஐபிஎம் ரேமாக்னு முதல் ஹார்ட் டிஸ்க் வந்துச்சு, 24 இன்ச் தட்டு 50, மொத்தமே 50 லட்சம் எழுத்து, 1200 ஆர்பிஎம், ஒரு இடத்தை எடுக்க சுமார் 600 மில்லிசெகண்ட். இன்னைக்கு ஸ்டூடியோ சார்கிட்ட இருக்குற 4 டிபி கொள்ளளவுல அதை விட எட்டு லட்சம் மடங்கு. சுத்துற வேகம் ஆறு மடங்கு, காத்திருக்குற நேரம் ஐம்பது மடங்குக்கு கொஞ்சம் கீழதான் குறைஞ்சிருக்கு. உலோகத்தட்டை நிஜமா சுத்தணும், கையை நிஜமா நகர்த்தணும், அதுல எந்த சாஃப்ட்வேரும் ஒன்னும் பண்ண முடியாது. அதான் செட்டிங்ஸ் மாத்துறதை விட எந்த டேட்டா எந்த டிஸ்க்ல இருக்கணும்னு முடிவு பண்றதுக்கு பலன் ஜாஸ்தி.

கும்பகோணம்_ஸ்டூடியோ:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு பொறுமையா எழுதுவீங்கன்னு எதிர்பாக்கல. எல்லாத்தையும் பாத்துட்டு வந்து எழுதுறேன்.

ஸ்மார்ட்ல 05, சி5, சி6 மூணும் ஜீரோ, சி7ல மட்டும் நம்பர் இருந்துச்சு, கேபிள் மாத்தினேன், அதுக்கப்புறம் ஏறல. மாடல் நம்பர் தேடினதுல சிஎம்ஆர்தான். கேட்டலாக், ப்ரீவ்யூஸ் ரெண்டையும் சி டிரைவுக்கு மாத்தினேன், ஸ்க்ரோல் பண்ணா கட்டம் எல்லாம் உடனே வருது, சாம்பல் கலரே கண்ணுல படல. க்யூ1டி1 வரி ஹார்ட் டிஸ்க் 0.58, என்விஎம்இ 46. கார்டு ரீடர் முன்னாடி போர்ட்லதான் இருந்துச்சு, அந்த வயரை மதர்போர்டுல யுஎஸ்பி 2.0 ஹெடர்ல சொருகியிருக்காங்க, இப்போ பின்னாடி மாத்திட்டேன், 88 வருது.

ஒரே ஒரு சந்தேகம் மிச்சம். எக்ஸ்போர்ட் மட்டும் முன்னாடி மாதிரியே இருக்கு, 600 போட்டோ ஜேபெக்கா எடுக்க எடுத்துக்குற நேரம் கொஞ்சம் கூட குறையல. ஒரிஜினலையும் என்விஎம்இக்கு மாத்தினா குறையுமா? 2 டிபி என்விஎம்இ வாங்கலாமான்னு யோசிக்கிறேன்.

ரூட்_சென்னை:

எக்ஸ்போர்ட் ஓடும்போது டாஸ்க் மேனேஜர் பாருங்க சார், சிபியு 95, 100%ல நின்னு ஹார்ட் டிஸ்க் 10, 15%ல இருந்தா டிஸ்க்குக்கு அங்க வேலையே இல்ல, ரா ஃபைலை டெவலப் பண்றது பூரா சிபியு (புது வெர்ஷன்னா ஜிபியுவும்). ஒரு போட்டோவுக்கு 2 செகண்ட் ஆகுதுன்னு வெச்சுக்கோங்க, அதுல டிஸ்க் பங்கு 0.2 செகண்ட், அதுவும் பெரும்பாலும் முந்தின போட்டோவை சிபியு பாத்துட்டு இருக்கும்போதே நடந்துடும். 2 டிபி வாங்கினாலும் அதே நேரம்தான் ஆகும்.

கும்பகோணம்_ஸ்டூடியோ:

பாத்துட்டேன். சிபியு 100, ஹார்ட் டிஸ்க் 8%.

டிஸ்க்_டாக்டர்_கோவை:

அப்போ அந்த காசுல யுபிஎஸ் வாங்குங்க சார், மிச்சத்துக்கு இன்னொரு 4 டிபி ஹார்ட் டிஸ்க், வாரம் ஒரு தடவை காப்பி எடுத்து அதை ஸ்டூடியோல வைக்காம வீட்டுல வெச்சிடுங்க. கேமரா ரா கேஷை மட்டும் லைட்ரூம் ப்ரிஃபரன்ஸ்ல 20 ஜிபி ஆக்கிடுங்க, அது சி டிரைவ்லதான் இருக்கும், டெவலப் பக்கம் ஒரு தடவை திறந்த போட்டோவுக்கு திரும்ப வரும்போது வேகமா இருக்கும். சி டிரைவ்ல ஒரு 80, 100 ஜிபி எப்பவும் காலியா இருக்கட்டும்.